மணியைக் கழற்றிய பத்து நிமிடம்

திங்கள்

சுருக்கெழுத்து வகுப்பின் அறுபது சொல் வேகத் தேர்வில் இன்று பதினேழு பிழை. போன வாரம் பதினைந்து. இதை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

செல்வநாயகி மேடம் தாளைத் திருப்பித் தரும்போது, "வாசுகி, நான் 'கொண்டு போனான்'னு சொன்னா நீ 'எடுத்துட்டுப் போனான்'னு எழுதியிருக்க. அர்த்தம் சரிதான். கோர்ட்ல அர்த்தத்தை யாரும்மா கேட்டா? கேட்டதை எழுது. புரிஞ்சதை எழுதாத" என்றார். பிறகு எனக்கு மட்டும் தனி வீட்டுப்பாடம். தினமும் பத்து நிமிடம் காதுமணியைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டில் காதில் விழும் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுக்க வேண்டும். மொழி புரியாவிட்டால் இன்னும் நல்லதாம். கூடவே ஒரு நாட்குறிப்பு, முன்பின் தெரியாதவர் படித்தாலும் விளங்கும்படி. அதனால் சிலவற்றை விளக்கி எழுதுகிறேன். அதிகமானால் பிறகு அடித்துக்கொள்ளலாம்.

காதுமணி என்பது திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்த அன்றே கம்பெனி கொடுப்பது. காதுக்கு ஒன்று, கடலைப்பருப்பு அளவு. எதிரில் நிற்பவர் ஒடியாவில் பேசினாலும் போஜ்புரியில் பேசினாலும், அவருடைய குரலிலேயே நமக்குத் தமிழில் கேட்கும். நம் தமிழ் அவருக்கு அவர் மொழியில். வெளிச்சத்தம் எதுவும் நேராகக் காதுக்குள் போகாது, எல்லாம் மணி வழியாகத்தான். ஊரில் பலர் குளிக்கும்போது மட்டுமே கழற்றுகிறார்கள். நீதிமன்றம் மட்டும் மணி சொல்வதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. மனிதர் காதால் கேட்டுக் கையால் எழுதியதுதான் வேண்டுமாம். பகலில் பனியன் கம்பெனி செக்கிங் மேசையில் நிற்கும் நான் மாலையில் நூல்கடை மாடியில் மேடத்தின் வகுப்பில் உட்கார்ந்து சுருக்கெழுத்துக் கோடு கிழிப்பது அதனால்தான்.

வீட்டில் அண்ணன் பூபதி, கட்டிங் மாஸ்டர். அண்ணி இதிஸ்ரீ, துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் டைலர், ஒடிசாக்காரர். மணி இருக்கிற தைரியத்தில் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஐந்து வருடத்தில் அண்ணன் ஒடியாவில் ஒரு சொல் கற்கவில்லை, அண்ணி தமிழில் ஒரு சொல் கற்கவில்லை. தேவைப்படவில்லை. அண்ணி பேசுவது எனக்கு எப்போதும் செய்தி வாசிப்பதைப் போலத்தான் கேட்கும். "வாசுகி, சோறு வடித்துவிட்டேன், உண்ண வா." மணிக்குக் கொங்குத் தமிழை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இவர்களுடைய மகன் ஜகன். இரண்டு வயது பத்து மாதம். இன்னும் பேசவில்லை.

செவ்வாய்

ஜகனைப் பற்றி ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

காது நன்றாகக் கேட்கிறது. சோதித்துவிட்டார்கள். கூப்பிட்டால் திரும்புகிறான், சொன்னதைச் செய்கிறான். செருப்பை ஜோடி மாற்றி ஒளித்து வைக்கிறான். அழுதால் தெருமுனை வரை கேட்கும். ஆனால் பேச வேண்டிய இடத்தில் உதடு அசையும், "ம்ம்" என்று மெல்ல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். டாக்டர் மெர்சியிடம் இரண்டு முறை காட்டியாகிவிட்டது. அங்கே போனால் அதுவும் வராது. அண்ணி தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். வீட்டில் அவன் இருப்பதைப் பத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார் டாக்டர். அண்ணன் எடுத்தார், போட்டுப் பார்த்தார், "ஒண்ணுமே பேசலியே, இதை அனுப்பி என்ன பண்றது" என்று அழித்துவிட்டார்.

வருகிற சனிக்கிழமை அவனுக்குக் குரல்வில்லை பொருத்துகிறார்கள். தொண்டையில் ஒட்டுகிற சிறு வில்லை. குழந்தை என்ன சொல்ல நினைக்கிறது என்று ஊகித்து அதுவே பேசும். நல்ல கருவி என்கிறார்கள். ஒட்டிவிட்டால் பெரும்பாலும் அதை எடுப்பதில்லை, குழந்தைக்கு அதற்குப் பிறகு தானாகப் பேசத் தோன்றுவதில்லை என்றும் டாக்டரே சொன்னார். வில்லைக்கு ஒரு மொழி மட்டும் குறிக்க வேண்டும். படிவத்தில் அண்ணன் தமிழ் என்று எழுதினார். "எப்படியும் மணி இருக்குதில்ல, உனக்கு உன்ற பாஷைல கேட்டுட்டுப் போகுது" என்றார். அண்ணி சரி என்றார். அன்றைக்குச் சாயந்திரம் துவைத்து மடித்து வைத்த துணிகளை எடுத்து மறுபடியும் துவைத்தார்.

நான் இதில் எதுவும் சொல்லவில்லை. நான்கு மாதம் முன்பு, மணியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, ஜகன் என்னை "அத்தெ" என்று கூப்பிட்டது போலக் கேட்டது. மணியை மாட்டிக்கொண்டு வீடு முழுக்கக் கூச்சல் போட்டுச் சொன்னேன். அண்ணி அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தார். மூன்று பேரும் ஒரு மணி நேரம் அவன் முன்னால் உட்கார்ந்து "அத்தை சொல்லு, அத்தை சொல்லு" என்று கெஞ்சினோம். "ம்ம்" என்றான். அண்ணி அழுதார். எனக்கு எதையும் சரியாகக் கேட்கத் தெரியாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். தேர்வுத் தாள்களும் அதையே சொல்கின்றன.

வீட்டுப்பாடம்: காலை 6.40 முதல் 6.50 வரை. புரிந்ததை எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சமையலறையில் குக்கர் சத்தம். மூன்று குரல்கள் கிடைத்தன. மூன்றாவது, பக்கத்து வீட்டுக் குழந்தை ரிங்குவாக இருக்கலாம். நடுச்சுவர் மெல்லியது.

புதன்

மூன்றாம் குரல் ரிங்கு இல்லை. ரிங்கு ஊருக்குப் போய் நான்கு நாள் ஆகிறதாம்.

இன்று சுவரை விட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். சுருக்கெழுத்தில் எடுத்ததைச் சாதாரண எழுத்தில் எழுதுகிறேன்.

அண்ணன்: தண்ணி காஞ்சிருச்சா?

ஜகன்: பாணி.

அண்ணி: (ஒடியாவில் நீளமாக, நான்கு கோடு)

ஜகன்: சூடு.

அண்ணன்: பசிக்குது புள்ள, என்ன இருக்குது?

ஜகன்: போகோ.

அண்ணி: (இரண்டு கோடு)

ஜகன்: தோசெ.

அவன் உதடு அசைவதைப் பார்த்தேன். குரலும் அவனிடமிருந்துதான் வந்தது. கொஞ்சம் கரகரப்பான, அவசரமான குரல். உடனே மணியைக் காதில் வைத்துப் பார்த்தேன். உதடு அசைந்தது. "ம்ம்" என்று கேட்டது. கழற்றினேன். "பியுசி" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். வைத்தேன். "ம்ம்." ஆறு தடவை இப்படிச் செய்தேன். ஜகன் இதை விளையாட்டு என்று நினைத்து என் காதைப் பிடித்து இழுத்தான்.

அண்ணனிடம் சொல்லவில்லை. பாதி வார்த்தைகள் எனக்குப் புரியவில்லை. வெறும் சத்தங்களாக இருந்தால்? அண்ணியை இரண்டாவது முறை அழவைக்க எனக்குத் தைரியம் இல்லை. முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மூன்று நாள் இருக்கிறது.

வியாழன்

என் செக்கிங் மேசையில் எதிரே நிற்பது சஸ்மிதா. அவளும் ஒடிசா. சாப்பாட்டு நேரத்தில் காது அரிக்கிறது என்று மணியைக் கழற்றி டிபன் மூடியில் வைப்பாள். அந்த நேரம் பார்த்து நானும் கழற்றிவிட்டு நோட்டை எடுத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டினேன்.

"பாணி" என்றேன். தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

"போகோ" என்றேன். வயிற்றைத் தடவிக் காட்டினாள். என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சோறு வைத்துக்கொண்டு என்ன பசி என்பது போல முறைத்தாள்.

"பியுசி" என்றேன். சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவேயில்லை. கடைசியில் மணியை மாட்டிக்கொண்டாள். நானும் மாட்டினேன்.

"வாசுகி, உனக்கு ஒடியா கற்பித்தவர் யார்? இரண்டு வயதுக் குழந்தை போல உச்சரிக்கிறாய்."

"ரெண்டு வயசுக் குழந்தைதான் கத்துக்கொடுத்துச்சு. பியுசின்னா என்ன?"

"தந்தையின் சகோதரி."

வலது கையில் வைத்திருந்த சோற்றை எப்போது சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

மாலையில் மேசையைத் துடைக்கும்போதுதான் இன்னொன்று புலப்பட்டது. தண்ணி என்று அண்ணன் கேட்டதும் பாணி. பசிக்குது என்றதும் போகோ. அண்ணி ஏதோ சொன்னதும் சூடு, தோசெ. அப்பா பேசியதை அம்மாவிடம் ஒடியாவில் சொல்கிறான். அம்மா பேசியதை அப்பாவிடம் தமிழில் சொல்கிறான். அவனுக்குக் காதுமணி இல்லை. மூன்று வயது வரை வைக்க மாட்டார்கள். அவன் காதில் இவர்கள் இருவரும் பேசுவது இரண்டு பாஷை. ஒருவருக்கொருவர் புரியாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பாவம் என்று நினைத்திருக்கிறான் போல. யாரும் கேட்காமலேயே வேலையை எடுத்துச் செய்துகொண்டிருக்கிறான்.

இது என் ஊகம். மேடம் பார்த்தால் சிவப்புக் கோடு போடுவார்.

வெள்ளி

கம்பெனி வாசலில் மணி பழுது பார்க்கும் கவுண்டர் உண்டு. ரெஜினா அக்கா இருந்தார். ஒரு குழந்தையின் குரலை மட்டும் மணி ஏன் விழுங்குகிறது என்று கேட்டேன்.

"அந்தக் குழந்தை எப்பப் பேசுது? பெரியவங்க பேசி முடிச்ச உடனேவா?"

"ஆமாங்க்கா. அவங்க சொன்னதையே இன்னொரு பாஷைல."

ரெஜினா அக்கா கையிலிருந்த குறடைக் கீழே வைத்தார். "அடக் கடவுளே. அது கசிவுடி."

"கசிவுன்னா?"

"இங்க ஷெட்டுக்குள்ள ஐந்நூறு பேர் நிக்கிறாங்க. உன் மணியில வர்ற தமிழ் லேசா வெளிய கசிஞ்சு பக்கத்துல நிக்கிறவ மணிக்குள்ள போகும். ஒரே விஷயம் ரெண்டு பாஷைல கேட்டா ஆளு குழம்பிப் போவா. அதனால இப்பத்தான் சொன்ன விஷயத்தை உடனே வேற பாஷைல ஒரு குரல் சொல்லுச்சுன்னா, அது மனுசன் இல்ல, இன்னொரு மணின்னு எடுத்துக்கும். அமுக்கிரும். நாலஞ்சு தடவை அப்படி ஆச்சுன்னா அந்தக் குரலையே கணக்குல இருந்து எடுத்துரும். அப்புறம் அது என்ன பேசினாலும் 'ம்ம்'தான். அழுகை, அலறல் மட்டும் விட்டுரும். அது ஆபத்துக்கு."

"வீடியோ எடுத்துப் பார்த்தா?"

"அதையும் மணி போட்டுட்டுத்தானே கேட்கிறீங்க?" குறடை மறுபடியும் கையில் எடுத்தார். "குழந்தை மொழிபெயர்க்கும்னு இதைச் செஞ்சவன் நெனச்சிருக்க மாட்டான். யாரு குழந்தை?"

"எங்கண்ணன் பையனுங்க."

"மணியைத் தயாரிக்கிறவங்களுக்கு எழுதிப் போடறேன். மாத்த மாசக்கணக்கு ஆகும். நீ இன்னைக்கே வீட்டுக்குப் போய்ச் சொல்லு."

வகுப்புக்குப் போகவில்லை. இதுதான் முதல் விடுப்பு. அண்ணனும் அண்ணியும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜகன், கையில் அப்பளம். நின்றுகொண்டே நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "மறுபடியுமா அம்மிணி? போன தடவை பட்டது பத்தாதா? நாளைக்கு அவனுக்கு வில்லை ஒட்டப் போறாங்க. இன்னைக்கு வந்து இப்படிப் பேசற."

"தப்பா இருந்தா நாளைக்கு ஒட்டிக்கலாமுங்ணா. மணியைப் பத்து நிமிசம் கழட்டுங்க, போதும்."

"கழட்டிட்டா இவ என்ன சொல்றான்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டார். தன் மணிகள் இரண்டையும் எடுத்து அப்பளச் சம்படத்தின் மூடியில் வைத்தார். அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு தன்னுடையதையும் வைத்தார். நானும்.

மூன்று பேரும் ஜகனைப் பார்த்தோம். ஜகன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்பளத்தைக் கடித்தான். ஒரு சொல் இல்லை. குழாய் சொட்டுவது கேட்டது. மணி போட்டிருந்தபோது அது கேட்டதேயில்லை. நான்கு நிமிடம் ஆயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஐந்தாவது நிமிடத்தில் அண்ணன் தோற்றுப்போன முகத்துடன் தட்டை முன்னால் நகர்த்தி, பழக்கத்தில் சொன்னார். "சரி விடு, கொழம்பு ஊத்து."

அண்ணி புரியாமல் அவரைப் பார்த்தார்.

ஜகன் அப்பளத்தை மடியில் வைத்துவிட்டு அண்ணியின் முழங்கையைத் தட்டினான். "ஜோளோ" என்றான்.

அண்ணி கரண்டியை எடுத்துக் குழம்பை ஊற்றினார். ஊற்றிக்கொண்டேயிருந்தார். தட்டு நிரம்பி ஓரத்தில் வழிய ஆரம்பித்த பிறகுதான் அவர் கை நின்றது. ஜகனைப் பார்த்துச் சன்னமாக ஏதோ கேட்டார். மணி இல்லாமல் அண்ணியின் குரலை அண்ணன் சரியாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அது தாழ்ந்த, வேகமான குரல். வாக்கியத்தின் கடைசியில் ஒரு சின்ன இழுப்பு வரும். மணி அதைக் கத்தரித்துவிட்டிருந்தது.

ஜகன் அண்ணன் பக்கம் திரும்பினான். "போதுமா" என்றான்.

அண்ணன் வழிந்த குழம்பை விரலால் தட்டுக்குள் தள்ளினார். "அஞ்சு வருசமா இவகூடப் பேசிட்டிருக்கறேன்னு நெனச்சிட்டிருந்தனே" என்றார். அதையும் ஜகன் மொழிபெயர்க்கப் பார்த்தான். ஐந்து விரலைக் காட்டியதோடு விட்டுவிட்டான். பெரிய வாக்கியம்.

பிறகு மூன்று பேரும் அவனைத் தூங்கவிடாமல் பேச வைத்தோம். என்னை இருபத்தோரு தடவை கூப்பிட்டான். பன்னிரண்டு "அத்தெ", ஒன்பது "பியுசி". எண்ணியது சரி என்றே நினைக்கிறேன்.

சனி

டாக்டர் மெர்சியிடம் நோட்டைக் காட்டினேன். சுருக்கெழுத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. தன் மணியைக் கழற்றி மேசை டிராயரில் போட்டார். எங்களையும் கழற்றச் சொன்னார்.

ஜகன் வழக்கம் போல அண்ணி தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். டாக்டர் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அண்ணியைப் பார்த்துத் தமிழில், "செருப்பை வெளிய விட்டுட்டு வாங்கம்மா" என்றார். அண்ணி விழித்தார். டாக்டர் சத்தத்தைக் கூட்டி இன்னொரு முறை சொன்னார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அண்ணியின் தோளுக்குள்ளிருந்து சலித்துக்கொண்ட குரலில் வந்தது: "ஜோத்தா."

அண்ணி செருப்பைக் கழற்றினார்.

டாக்டர் குரல்வில்லைப் படிவத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "ரெண்டு முறை பார்த்திருக்கேன். என்ற காதுல மணியோட" என்று மட்டும் சொன்னார். அவருக்குக் கஷ்டமாக இருந்தது தெரிந்தது. பிறகு சீட்டில் எழுதினார். வீட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் யாருக்கும் மணி கூடாது. "பையனுக்கு வைத்தியம் ஒண்ணும் வேண்டாம். இது உங்க ரெண்டு பேருக்கு" என்றார் அண்ணனிடம்.

ஜகன் அதை அண்ணியிடம் சொல்லவில்லை. டாக்டரின் டிராயரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்

நேற்று வகுப்பில் பதினொரு பிழை. மேடம் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் நல்ல மாதிரிதான்.

வீட்டில் மணிகள் அப்பளச் சம்படத்தில் இருக்கும் நேரங்களில் பெரும் களேபரம். அண்ணன் உப்பு கேட்டால் சீப்பு வருகிறது. "நாஹி" என்றால் இல்லை என்பதை அண்ணன் இரண்டு நாளில் கற்றுக்கொண்டார், அண்ணி அதை அவ்வளவு தடவை சொல்கிறார். அண்ணி "ஏனுங்" என்று கூப்பிடப் பழகிவிட்டார். அதற்கு அடுத்த சொல் இன்னும் வரவில்லை. "ஏனுங்" என்று கூப்பிட்டுவிட்டுக் கையைக் காட்டுகிறார். மற்றதெல்லாம் ஜகன் பொறுப்பு. காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்பே இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

இன்று காலை 6.40. நான் நோட்டுடன் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பால் பாக்கெட்டைக் கத்தரியால் வெட்டினார். அது அண்ணியின் நூல் வெட்டும் கத்தரி. டைலரின் கத்தரியை வேறொன்றுக்குத் தொடக் கூடாது என்பது கட்டிங் மாஸ்டருக்குத் தெரியாததல்ல. அவசரம்.

அண்ணி கத்தரியைக் கையில் வாங்கி, பால் சொட்டும் முனையைப் பார்த்துவிட்டு, பேச ஆரம்பித்தார். நாற்பது விநாடி, மூச்சு விடாமல். பாதியிலேயே என் பென்சில் முனை உடைந்தது. ஆசையை அடக்க முடியாமல் சம்படத்திலிருந்து ஒரே ஒரு மணியை எடுத்து இடது காதில் மட்டும் வைத்துக்கொண்டேன். இது விதிமீறல்தான், ஒப்புக்கொள்கிறேன். செய்தி வாசிப்பவரின் தமிழ் தெளிவாகக் கேட்டது.

"மூளை இருக்க வேண்டிய இடத்தில் இந்த மனிதருக்குக் கட்டிங் வேஸ்ட்டை அடைத்துத் தைத்திருக்கிறார்கள். இன்னொரு முறை என் கத்தரியைத் தொட்டால் அந்த விரல்களை ஓவர்லாக்கில் கொடுத்துவிடுவேன். பிறகு அவர் பாலைப் பல்லால் கடித்துத் திறக்கட்டும்."

அண்ணன் கையில் பால் பாக்கெட்டுடன் நின்றார். ஜகனிடம் குனிந்து, "சாமி, அம்மா என்ன சொல்றா?" என்று கேட்டார்.

ஜகன் அம்மாவைப் பார்த்தான். கத்தரியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். இவ்வளவு நேரம் அவன் யோசித்து நான் பார்த்ததில்லை.

"அம்மா பால் தர்றா" என்றான்.

"அப்படியா. தங்கம், அம்மாகிட்ட அப்பாவுக்கு சந்தோசம்னு சொல்லு."

ஜகன் அம்மா பக்கம் திரும்பி ஒடியாவில் ஏதோ சொன்னான். மூன்று சொல். அண்ணி கத்தரியை இறக்கினார். ஜகனைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முயன்று, முடியாமல், அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

மணி வைத்திருந்த என் இடது காதில் அவன் சொன்னது "ம்ம்" என்றுதான் கேட்டது. வலது காதில் கேட்டதை, புரியாவிட்டாலும், உடைந்த பென்சிலால் அப்படியே எடுத்திருக்கிறேன். மூன்று கோடு, ஒரு கொக்கி. சஸ்மிதாவிடம் வாசித்துக் காட்டினால் அர்த்தம் சொல்லிவிடுவாள். கேட்கப் போவதில்லை.

இன்றைய பத்து நிமிடத்தில் என் பக்கம் பிழை இல்லை என்றே நினைக்கிறேன். ஜகனின் மொழிபெயர்ப்பில் இரண்டு இருக்கலாம். அவை என்னுடையவை அல்ல. திருத்தவும் இல்லை.